கட்டற்ற மென்பொருளுக்கு டோர் ஆதரவு: ப்ராக்ஸி அமைப்புக்கு அப்பால் செய்ய வேண்டியவை

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்று ஓரளவு பெயர் எடுத்ததும், "டோர் ஆதரவு வேண்டும்" என்று யாராவது கேட்பார். உடனே இன்னொருவர், "சாக்ஸ் ப்ராக்ஸிக்கு ஓர் அமைப்பு வைத்தால் போதும், பத்து வரி வேலை" என்று பதில் எழுதுவார். டோர் என்பது, இணைப்பைப் பல இடைக் கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பி, பயனரின் ஐபி முகவரியை மறைக்கும் வலையமைப்பு. சாக்ஸ் ப்ராக்ஸி, நிரலின் இணைப்புகளை வாங்கி அதற்குள் அனுப்பும் இடைச்சேவை. பத்து வரி என்பது உண்மைதான். டோர் வழியாக ஓர் இணைப்பைத் திறக்க அதற்கு மேல் தேவையில்லை. ஆனால் பயனர் கேட்பது வேறு. எல்லாம் டோர் வழியாக மட்டுமே போக வேண்டும், வேறு வழியில் ஒரு பாக்கெட்கூட வெளியேறக் கூடாது என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. முதலாவது, வீட்டுக்குப் புதிதாக ஒரு வாசல் வைப்பது. இரண்டாவது, இருக்கிற மற்ற எல்லா வாசலையும் ஜன்னலையும் தேடிப் பிடித்து அடைப்பது. வேலையின் பெரும்பகுதி இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

வலையமைப்போடு பேசும் ஒரு நிரலைப் பராமரிப்பவர்களுக்காகவும் அதற்கு பேட்ச் அனுப்ப நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் டோரைப் பற்றியே பேசுவேன். டோரைப் போன்ற இன்னோர் அடையாள மறைப்பு வலையமைப்பான ஐ2பி பற்றிய குறிப்பு இறுதிப் பகுதியை ஒட்டி வரும்.

படி 1: எதைத் தருகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள்

"டோர் ஆதரவு" என்ற ஒரே பெயரில் மூன்று வேலைகள் இருக்கின்றன. பயனர் தன் ஐபி முகவரியை மறைத்துக்கொண்டு வழக்கமான சர்வர்களை அணுகுவது ஒன்று. டோர் வழியாக மட்டுமே எட்டக்கூடிய, .onion என்று முடியும் ஆனியன் முகவரிகளை அணுகுவது இரண்டு. உங்கள் நிரலே ஓர் ஆனியன் சேவையாக இயங்கி, மற்றவர்களின் இணைப்பை ஏற்பது மூன்று. ஒவ்வொன்றுக்கும் வேலை அளவும் ஆபத்தும் வேறு. மூன்றையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் திணித்தால் அதை யாரும் உருப்படியாகப் படித்துப் பார்க்க மாட்டார்கள். முதலிரண்டை முடித்து, அவை நிலைபெற்ற பிறகு மூன்றாவதைத் தொடுங்கள்.

எதைத் தரவில்லை என்பதையும் அதே ஆவணத்தில் எழுத வேண்டும். உதாரணமாக, பயனர் தன் சொந்தப் பெயரில் உள்ள கணக்கில் டோர் வழியாக நுழைந்தால், அவர் எங்கிருந்து வருகிறார் என்பது சர்வருக்குத் தெரியாமல் போகலாம். யார் என்பது தெரிந்தே இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால், பின்னால் வரும் புகார்களில் பாதி இதைப் பற்றியதாகவே இருக்கும்.

படி 2: வெளியே போகும் எல்லா வழிகளையும் பட்டியலிடுங்கள்

குறியீட்டில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. பலர் தாண்டிப்போவதும் இதைத்தான். உங்கள் நிரல் எங்கெல்லாம் சாக்கெட் திறக்கிறது? உங்களுக்குத் தெரிந்த முதன்மை இணைப்பை விட்டுவிடுங்கள், அது எளிது. புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கும் பகுதி, செயலிழப்பு அறிக்கை அனுப்பும் பகுதி, பயனர் படங்களை இறக்கும் பகுதி, அரட்டையில் ஒட்டிய இணைப்புக்கு முன்னோட்டம் காட்டும் பகுதி, நேரத்தைச் சரிபார்க்கும் பகுதி, செருகுநிரல்கள் தாமாகவே திறக்கும் இணைப்புகள் என ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். இவற்றில் பல நீங்கள் எழுதியவையாகக்கூட இருக்காது. நீங்கள் சேர்த்த ஏதோ ஒரு நிரலகத்துக்குள் இருக்கும்.

அடுத்து, டோரால் எதைச் சுமக்க முடியாது என்று பாருங்கள். டோர் டிசிபி ஓடைகளை மட்டுமே கொண்டுசெல்லும். யுடிபி கிடையாது. ஆகவே யுடிபியை நம்பியிருக்கும் குவிக், வெப்ஆர்டிசி, டிஹெச்டி போன்றவை டோர் வழியாகப் போகாது. போகாததை நிரல் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. கோப்புப் பகிர்வு நெறிமுறையான பிட்டாரண்ட் இதற்குப் பழைய பாடம். பிட்டாரண்ட்டை டோர் வழியாக ஓட்ட வேண்டாம் என்று டோர் திட்டம் 2010-இலேயே விளக்கமாக எச்சரித்தது. ப்ராக்ஸியை அமைத்த பிறகும் சில நிரல்கள் யுடிபி பாக்கெட்டுகளை நேராக அனுப்பின. வேறு சில, டோர் வழியாகவே, கோப்பு யாரிடம் இருக்கிறது என்று சொல்லும் டிராக்கரிடம் போய், அனுப்பிய செய்திக்குள் தங்கள் உண்மையான ஐபி முகவரியை எழுதி வைத்தன.

டிஎன்எஸ்ஸிலும் இதே போன்ற வரம்பு உண்டு. டோர் வழியாக ஒரு பெயருக்கு ஐபி முகவரியைக் கேட்கலாம், ஐபி முகவரிக்குப் பெயரைக் கேட்கலாம். எஸ்ஆர்வி, எம்எக்ஸ், டிஎக்ஸ்டி பதிவுகளைக் கேட்க முடியாது. எக்ஸ்எம்பிபி அரட்டை நிரல்கள் சர்வரைக் கண்டுபிடிப்பதே எஸ்ஆர்வி பதிவை வைத்துத்தான். டோர் நிலையில் அந்தத் தேடலைக் கைவிட்டு, சர்வர் பெயரையும் போர்ட்டையும் பயனரிடமே கேட்டு வாங்குவது நேர்மையான தீர்வு. "இது மட்டும் இயங்குதளத்தின் டிஎன்எஸ் வழியாகப் போகட்டும்" என்பது, பயனர் எந்த சர்வருக்குப் போகிறார் என்பதை அவருடைய இணையச் சேவை நிறுவனத்திடம் சொல்லிவிட்டு, மற்றதை மட்டும் மறைப்பதாகும்.

உங்கள் நிரலுக்கு வெளியே இருப்பவற்றையும் பட்டியலில் சேருங்கள். ஓர் இணைப்பைச் சொடுக்கினால் இயங்குதளத்தின் வழக்கமான பிரவுசர் திறக்கிறதா? அது டோர் வழியாகப் போகாது. 2017 நவம்பரில் டோர் பிரவுசரிலேயே இந்த வகைப் பிழை ஒன்று வெளிவந்தது. மேக்கிலும் லினக்ஸிலும், கோப்பைக் குறிக்கும் ஒருவகை இணைப்பைச் சொடுக்கினால், பிரவுசரைத் தாண்டி இயங்குதளமே தொலைவில் உள்ள சர்வரோடு நேராகப் பேசிவிடும். அடையாள மறைப்பையே நோக்கமாகக் கொண்ட மென்பொருளுக்கே இது நேர்ந்தது என்றால், அரட்டை நிரலையோ கோப்புப் பகிர்வு நிரலையோ பற்றி என்ன சொல்வது?

பட்டியலை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடவும் முடியாது. பிரேவ் பிரவுசர் 2018 முதல் டோர் வழியிலான தனிப்பட்ட சாளரத்தைத் தந்துவருகிறது. பின்னர், மாற்றுப் பெயருக்குப் பின்னால் ஒளியும் விளம்பரங்களைத் தடுக்க ஒரு வசதியைச் சேர்த்தார்கள். அது தனியாக ஒரு டிஎன்எஸ் கேள்வியை அனுப்பியது. டோர் சாளரத்தில் திறந்த ஆனியன் முகவரிகளும் அந்தக் கேள்வியில் சேர்ந்து, பயனரின் வழக்கமான டிஎன்எஸ் சர்வருக்குப் போயின. 2021 பிப்ரவரியில் இது வெளியே தெரிந்து திருத்தப்பட்டது. டோர் பகுதியில் யாரும் எதையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். விளம்பரத் தடுப்பை மேம்படுத்திய வேலை டோர் பகுதியைக் கெடுத்தது.

படி 3: எல்லா இணைப்பும் ஒரே செயற்கூறு வழியாகப் போகட்டும்

பட்டியல் கையில் வந்ததும், சாக்கெட் திறக்கும் எல்லா இடங்களையும் ஒரே செயற்கூறுக்குள் கொண்டுவாருங்கள். இதில் டோருக்கென்று எதுவும் இல்லை; வெறும் சீரமைப்பு வேலை. ஆகவே இதைத் தனி பேட்சாக முதலில் அனுப்புங்கள். டோர் மீது ஆர்வமில்லாத பராமரிப்பாளர்கூட இதை ஏற்பார். இதை முடிக்காமல் பத்து இடங்களில் "டோர் இயக்கத்தில் இருக்கிறதா" என்று கேட்கும் நிபந்தனைகளைத் தூவினால், பதினொன்றாவது இடம் எப்போதும் மிச்சம் இருக்கும்.

படி 4: பெயரைக் கொடுங்கள், ஐபி முகவரியைக் கொடுக்காதீர்கள்

டோர் சேவை உள்ளூர்க் கணினியில் 9050 போர்ட்டில் சாக்ஸ் ப்ராக்ஸியாகக் காத்திருக்கும். டோர் பிரவுசரோடு வருவது 9150-இல் இருக்கும். இரண்டையும் முயன்று பார்க்கலாம். எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதியைப் பயனருக்கும் தர வேண்டும்.

1996-இல் வந்த ஆர்எஃப்சி 1928 என்ற இணையத் தர ஆவணத்தின்படி, சாக்ஸ்5 கோரிக்கையில் போக வேண்டிய இடத்தை ஐபி முகவரியாகவும் கொடுக்கலாம், பெயராகவும் கொடுக்கலாம். பெயராகக் கொடுத்தால் அதைத் தேடும் வேலை டோர் வலையமைப்பின் மறுமுனையில் நடக்கும். ஐபி முகவரியாகக் கொடுக்கிறீர்கள் என்றால், அந்தப் பெயரை உங்கள் கணினி ஏற்கெனவே வெளிப்படையாகத் தேடிவிட்டது என்று பொருள். இணைப்பு கச்சிதமாக வேலை செய்யும், கசிவு நடந்ததே தெரியாது.

மொழிக்கு மொழி பொறி வேறு. தரவைப் பெறவும் அனுப்பவும் உதவும் கர்ல் கருவியிலும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நிரலகத்திலும் ப்ராக்ஸி முகவரியின் தொடக்கத்தில் "சாக்ஸ்5" என்று எழுதினால் பெயர் உள்ளூரில் தேடப்படும்; "சாக்ஸ்5எச்" என்று எழுதினால் ப்ராக்ஸியிடம் போகும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். கோ மொழியின் நிலையான நிரலகம் சாக்ஸ்5 என்று எழுதினாலே பெயரை ப்ராக்ஸியிடம் அனுப்பும். ஆகவே ஒரு மொழியின் பழக்கத்தை இன்னொரு மொழிக்கு எடுத்துப் போகாதீர்கள். ஜாவாவில் முகவரிப் பொருளை வழக்கமான முறையில் உருவாக்கிய அந்தக் கணத்திலேயே டிஎன்எஸ் தேடல் நடந்துவிடும். "தேடப்படாத" முகவரியை உருவாக்கும் தனிச் செயற்கூறைத்தான் அழைக்க வேண்டும். பைத்தானில் சாக்கெட் வகுப்பை மட்டும் ப்ராக்ஸி சாக்கெட்டால் மாற்றிவைக்கும் குறுக்குவழியும் இப்படித்தான் ஏமாற்றும். இணைப்பை உருவாக்கும் உயர்நிலைச் செயற்கூறு அதற்கு முன்னமே பெயரைத் தேடிவிடும்.

இதைப் பிடிக்க டோரிலேயே இரண்டு அமைப்புகள் உண்டு. டெஸ்ட்சாக்ஸ் அமைப்பை இயக்கினால், வரும் ஒவ்வொரு இணைப்பும் பாதுகாப்பான முறையில் கேட்டதா இல்லையா என்று பதிவேட்டில் எழுதும். சேஃப்சாக்ஸ் அமைப்பு, ஐபி முகவரி மட்டும் கொடுக்கும் கோரிக்கைகளை நிராகரித்துவிடும். உருவாக்கும் காலம் முழுவதும் இவற்றை இயக்கியே வைத்திருங்கள்.

படி 5: டோர் கிடைக்காவிட்டால் நின்றுவிடுங்கள்

ப்ராக்ஸி கிடைக்காதபோது நேரடி இணைப்பை முயல்வது, சாதாரண மென்பொருளில் நல்ல பண்பு. டோர் நிலையில் அதுவே மிகப் பெரிய குற்றம். இணைப்பு தோற்றால் பிழையைக் காட்டி நில்லுங்கள். அமைப்புக் கோப்பில் டோர் முகவரியை யாராவது தவறாக எழுதியிருந்தாலும் நிரல் தொடங்க மறுக்க வேண்டும். எச்சரிக்கை காட்டிவிட்டு நேர்வழியில் தொடரக் கூடாது.

டெபியன் லினக்ஸின் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் இதை நன்றாகச் செய்கிறது. மென்பொருள் களஞ்சியத்தின் முகவரிக்கு முன்னால் டோர் என்று சேர்த்து எழுதினால்தான் அது டோர் வழியாகப் போகும். அந்த முன்னொட்டு இல்லாமல் ஆனியன் முகவரியை மட்டும் எழுதினால், நேரடி இணைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி, டோரைப் பயன்படுத்த நினைத்திருந்தால் எப்படி எழுத வேண்டும் என்பதையும் காட்டும். பிழைச் செய்தியே வழிகாட்டியாக இருக்கிறது.

ஆனியன் பெயர்களைப் பொதுவான டிஎன்எஸ்ஸில் தேடக் கூடாது என்பது 2015-இல் வந்த ஆர்எஃப்சி 7686-இன் விதி. உங்கள் மென்பொருளில் டோர் ஆதரவே இல்லாவிட்டாலும் இது பொருந்தும். கர்ல் 2023-இல், 8.1.0 பதிப்பில் இதை நடைமுறைப்படுத்தியது. அதனால் சிலருக்குச் சிரமமும் ஏற்பட்டது. கணினியின் எல்லாப் போக்குவரத்தையும் வெளியிலிருந்தே டோருக்குத் திருப்பி, டிஎன்எஸ்ஸையும் டோரே கவனிக்கும்படி அமைத்திருந்தவர்களுக்கு, திடீரென்று கர்ல் ஆனியன் முகவரிகளை மறுத்தது. அவர்களுடைய புகாரில் நியாயம் உண்டு. இருந்தாலும் கர்லின் பக்கமே சரி என்பது என் கருத்து. வெளியே என்ன அமைப்பு இருக்கிறது என்று நிரலால் அறிய முடியாதபோது, கசியாத பக்கத்துக்குச் சாய்வதே முறை.

படி 6: ஓடைகளைப் பிரியுங்கள்

இணைப்புகள் போகும் பாதைக்குச் சுற்று என்று பெயர்; டோர் அதை மூன்று ரிலேக்கள், அதாவது இடைக் கணினிகள், வழியாக அமைக்கிறது. பயன்படுத்தத் தொடங்கிய சுற்றில் இயல்பாகப் 10 நிமிடங்கள் வரை புதிய இணைப்புகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதாவது, ஒரே பயனரின் இரண்டு கணக்குகள் பாதையின் கடைசியில் உள்ள ஒரே வெளியேறு ரிலே வழியாக, ஒரே நேரத்தில் போகலாம். இரண்டும் ஒருவருடையவை என்று ஊகிக்க அது போதும். முன்பு சொன்ன பிட்டாரண்ட் விவகாரத்தில் இதுவே இரண்டாவது அடி. ஒரு பிட்டாரண்ட் ஓடை உண்மையான ஐபி முகவரியை உளறினால், அதே சுற்றில் பயணித்த பிரவுசர் ஓடைகளும் சேர்ந்து அம்பலமாகும்.

தீர்வு எளிது. டோரின் சாக்ஸ் போர்ட்டுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்கலாம். டோர் அவற்றைச் சரிபார்க்காது. வேறு வேறு பெயர்-கடவுச்சொல் இணைகளுடன் வரும் இணைப்புகளை வேறு வேறு சுற்றுகளில் போடும். இயல்பாகவே இது இயக்கத்தில் இருக்கிறது. பிட்காயின் வலையமைப்பில் சேர்ந்து இயங்கும் பிட்காயின் கோர் மென்பொருள் ஒவ்வொரு இணைப்புக்கும் புதிய பெயரைக் கொடுத்து இதைப் பயன்படுத்துகிறது.

எந்த அளவில் பிரிப்பது என்பது உங்கள் மென்பொருளைப் பொறுத்த முடிவு. மின்னஞ்சல் நிரலுக்குக் கணக்குக்கு ஒன்று; பிரவுசருக்கு முகவரிப் பட்டையில் உள்ள தளத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒன்று என்று போனால், சுற்று அமைக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் சேரும், வலையமைப்புக்கும் வீண் சுமை. உள்நுழைந்த பயனரின் ஐபி முகவரி நொடிக்கு நொடி மாறுவதைக் கண்டு சர்வர் அவரை வெளியேற்றியும் விடலாம்.

படி 7: காத்திருப்பு நேரமும் பிழைச் செய்தியும்

ஆனியன் சேவைக்கான இணைப்பு இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு ரிலேக்களைக் கடக்கிறது. டோரே ஒரு சாக்ஸ் கோரிக்கையை இயல்பாக 2 நிமிடங்கள் வரை முயன்று பார்க்கும். பத்து நொடியில் கைவிடும் உங்கள் நிரல், டோர் பாதி வழியில் இருக்கும்போதே தோல்வி என்று அறிவித்துவிட்டு மறுபடி முயலும், சுமைதான் கூடும். டோர் நிலைக்குத் தனிக் காத்திருப்பு நேரம் வையுங்கள்.

சாக்ஸ் போர்ட்டில் விரிவான பிழைக் குறிகளை இயக்கும் வசதி உண்டு. முகவரியே தவறா, சேவை விவரம் கிடைக்கவில்லையா, நுழைவு அனுமதிச் சாவி தேவையா என்று அவை பிரித்துச் சொல்லும். "இணைக்க முடியவில்லை" என்ற ஒரே வாசகத்தைவிட இவை பயனருக்குப் பல மடங்கு உதவும். வெளியேறு ரிலேக்களின் முகவரிகள் பொதுவில் கிடைப்பதால் பல தளங்கள் அவற்றை மொத்தமாகத் தடுக்கின்றன. அதை உங்களால் சரிசெய்ய முடியாது, பிழைச் செய்தியில் அந்தச் சாத்தியத்தைக் குறிப்பிடலாம்.

படி 8: செய்திக்குள் என்ன எழுதுகிறீர்கள் என்று பாருங்கள்

டோர் பாக்கெட்டின் பாதையை மறைக்கும், உள்ளடக்கத்தைத் தொடாது. மின்னஞ்சல் நிரல் சர்வருக்கு வணக்கம் சொல்லும் முதல் வரியிலேயே கணினியின் பெயரையோ உள் ஐபி முகவரியையோ சொல்லும் பழக்கம் உடையது. அனுப்பிய தேதியில் நேர மண்டலம் இருக்கும். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் நேர மண்டலத்தை எழுதுகிறது. டோர் வழியாக அனுப்பினாலும் அது அப்படியே போகும். படங்களில் இடக் குறிப்பு, ஆவணங்களில் ஆசிரியர் பெயர், கோரிக்கைகளில் நிரலின் துல்லியமான பதிப்பும் இயங்குதளமும் மொழியும் என்று நீளும் பட்டியல் இது.

சகக் கணினிகளோடு நேராகப் பேசும் மென்பொருளில் இன்னொரு சிக்கல். "என் முகவரி இது" என்று அறிவிப்பது அவற்றின் நெறிமுறையிலேயே இருக்கும். ஒரே கணினி, தன் வழக்கமான முகவரியையும் ஆனியன் முகவரியையும் எல்லோரிடமும் சேர்த்து அறிவித்தால், இரண்டும் ஒன்று என்பதைத் தானே எழுதிக் கொடுத்ததாகும். எந்த வலையமைப்பில் வந்தவரிடம் எந்த முகவரியைச் சொல்வது என்ற விதி தேவை.

படி 9: ஆனியன் சேவையாக இயங்குவது

இதுவரை சொன்னதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள். இங்கிருந்து சர்வரின் இருப்பிடத்தை மறைக்கும் பொறுப்பும் உங்களுடையது.

டோரின் கட்டுப்பாட்டுப் போர்ட், வழக்கமாக 9051, வழியாக நிரல் தனக்கு ஓர் ஆனியன் சேவையை உருவாக்கச் சொல்லலாம். பிட்காயின் கோர் 2016-இல், 0.12 பதிப்பிலிருந்து இதைத் தானாகவே செய்கிறது: கட்டுப்பாட்டுப் போர்ட் கிடைத்தால் சேவை உருவாகும், கிடைக்காவிட்டால் அமைதியாக விட்டுவிடும். இப்படி உருவாகும் சேவை, கட்டுப்பாட்டு இணைப்பு மூடியதும் மறைந்துவிடும். தனித்து இயங்கட்டும் என்று சொல்லி உருவாக்கினால்தான் தொடரும். மறுமுறையும் அதே முகவரி வேண்டுமென்றால் தனிச்சாவியை நீங்கள்தான் சேமிக்க வேண்டும். அந்தக் கோப்பை வேறு பயனர்கள் படிக்க முடியாதபடி வையுங்கள். சாவி கிடைத்தவர் அந்த முகவரியையே எடுத்துக்கொள்வார்.

கட்டுப்பாட்டுப் போர்ட்டில் நுழைவு அனுமதி, டோர் எழுதி வைக்கும் குக்கீ கோப்பு மூலமோ கடவுச்சொல் மூலமோ நடக்கும். டெபியனில் குக்கீ கோப்பைப் படிக்க, டோருக்கான பயனர் குழுவில் உங்கள் நிரலின் பயனரையும் சேர்க்க வேண்டும். "ஏன் வேலை செய்யவில்லை" என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் விடை. ஆனால் இதன் விலையையும் அறிந்திருங்கள். கட்டுப்பாட்டுப் போர்ட்டில் நுழைந்தவர் டோரை முழுதாக ஆளலாம். கணினியின் வெளி ஐபி முகவரி என்னவென்று டோரிடமே கேட்கலாம். உங்கள் நிரலில் ஓர் ஓட்டை இருந்தால், தாக்குபவருக்கும் அதே அதிகாரம் கிடைக்கும். எல்லாப் போக்குவரத்தையும் டோர் வழியாக அனுப்பும் டெயில்ஸ், ஹூனிக்ஸ் போன்ற இயங்குதளங்கள் இதனால்தான் ஆனியன்-கிரேட்டர் என்ற வடிகட்டியை நடுவில் வைத்து, நிரலுக்கு நிரல் சில கட்டளைகளை மட்டும் அனுமதிக்கின்றன. ஆகவே குறைந்த கட்டளைகளைப் பயன்படுத்துங்கள், அவை எவை என்று ஆவணப்படுத்துங்கள். அந்த இயங்குதளங்களைப் பராமரிப்பவர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

அடுத்தது, பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ஆனியன் சேவைக்கு வரும் ஒவ்வொரு இணைப்பும் 127.0.0.1-இலிருந்து வருவதாகவே உங்கள் நிரலுக்குத் தெரியும், ஏனென்றால் அதைக் கொண்டுவந்து தருவது உள்ளூரில் ஓடும் டோர். "உள்ளூரிலிருந்து வருபவரை நம்பலாம்" என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்களோ, அங்கெல்லாம் இப்போது முழு உலகத்தையும் நம்புகிறீர்கள். இணையத்தள சர்வர் மென்பொருளான அப்பாச்சியின் நிலைப் பக்கம் இதற்குப் பெயர்போன உதாரணம். உள்ளூர்க் கணினிக்கு மட்டும் திறந்திருக்கும் அந்தப் பக்கம், ஆனியன் சேவைகளில் யார் கேட்டாலும் திறந்தது. அதே சர்வரில் இயங்கும் மற்றத் தளங்களின் பெயர்களையும் வரும் கோரிக்கைகளையும் காட்டியது.

ஐபி முகவரி அடிப்படையிலான தடையும் இதே காரணத்தால் பொருளிழக்கும். ஒரு விஷமியைத் தடுக்கப்போய் எல்லோரையும் தடுப்பீர்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. தாக்குபவர் வெளியேறு ரிலேக்கள் வழியாக வேண்டுமென்றே தவறான செய்திகளை அனுப்பி, பிட்காயின் கணினிகள் அந்த ரிலேக்களையெல்லாம் தடைசெய்யும்படி செய்யலாம் என்று 2014-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். டோர் பயனர்களுக்கு வலையமைப்பே எட்டாமல் போய்விடும். பிட்காயின் கோர் பின்னர், 2021-இல் வந்த 0.21.0 பதிப்பில், ஆனியன் வரவுக்குத் தனிப் போர்ட்டை ஒதுக்கியது; எது உண்மையிலேயே உள்ளூர், எது டோர் வழி என்று பிரிக்க முடிந்தது. உங்கள் நிரலிலும் முதல் நாளே அப்படிச் செய்யுங்கள். இணையத்தள மென்பொருளென்றால், டோர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடையாள எண்ணை ப்ராக்ஸி நெறிமுறை வழியாகத் தர முடியும். வேகக் கட்டுப்பாட்டுக்கு அது உதவும். 0.4.8 பதிப்பிலிருந்து, இணைப்பவரின் கணினியைச் சற்று உழைக்க வைக்கும் புதிர் முறைத் தடுப்பும் உண்டு.

சர்வரே வெளியே போகும் இடங்களையும் மறக்காதீர்கள். அறிவிப்பு மின்னஞ்சல், இணைப்பு முன்னோட்டம், பிற சர்வருக்குச் செய்தி சொல்லும் வெப்ஹூக் எல்லாம் சர்வரின் உண்மையான முகவரியிலிருந்தே கிளம்பும். ஓர் இணைப்பை ஒட்டி, முன்னோட்டம் எங்கிருந்து கேட்கப்படுகிறது என்று பார்த்தாலே இருப்பிடம் தெரிந்துவிடும். பக்கங்களில் உள்ள முழு முகவரி இணைப்புகளும் சிக்கலே. ஆனியன் பக்கத்துக்கான படங்கள் வழக்கமான தளத்திலிருந்து வந்தால், இரண்டு தளங்களும் ஒன்று என்று தெரிந்துவிடும்.

முகவரியின் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இரண்டாம் பதிப்பு ஆனியன் முகவரி 16 எழுத்து. மூன்றாம் பதிப்பு 56 எழுத்து. பொதுச்சாவி முழுவதும் அதற்குள் இருக்கிறது. பிட்காயின் நெறிமுறையில் முகவரிக்கு ஒதுக்கிய இடம் 16 பைட். பழைய முகவரியை ஓர் ஐபிவி6 முன்னொட்டோடு அதற்குள் ஒளித்து அடைத்திருந்தார்கள். புதியது நுழையவில்லை. அதற்காக நெறிமுறையிலேயே புதிய செய்தி வகையை வகுத்து, 0.21.0 பதிப்பில்தான் கொண்டுவர முடிந்தது. அதே ஆண்டில் டோர் இரண்டாம் பதிப்பைக் கைவிட்டது. தரவுத்தளத்தில் முகவரிக்கு நீள வரம்பு வைக்கும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: டோரை உடன் சேர்ப்பதா, கணினியில் இருப்பதைப் பயன்படுத்துவதா

உடன் சேர்த்தால் பயனருக்கு எளிது; உங்களுக்குத் தலைவலி. டோரில் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் நீங்களும் வெளியிட வேண்டும். டோர் தடைசெய்யப்பட்ட நாடுகளில் இருப்போருக்காக, பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவு ரிலேக்களான பாலங்களையும் ஸ்னோஃபிளேக் போன்ற மறைப்பு வழிகளையும் சேர்க்க வேண்டும். லினக்ஸ் மேசைக்கணினியிலும் சர்வரிலும் கணினியில் இருக்கும் டோரைப் பயன்படுத்துவதே சரி. ஆண்ட்ராய்டில் டோரை இயக்கித் தரும் ஆர்பாட் செயலியை நம்பலாம். விண்டோஸில் சாதாரணப் பயனர்களை எதிர்பார்த்தால் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. அப்போதும், ஏற்கெனவே ஓடும் டோர் இருந்தால் அதைப் பயன்படுத்தும் அமைப்பு இருக்கட்டும். டெயில்ஸில் டோருக்குள் டோர் ஓடுவதை யாரும் விரும்புவதில்லை.

ரஸ்ட்டில் எழுதுபவர்களுக்கு ஆர்ட்டி இருக்கிறது. டோர் திட்டமே ரஸ்ட்டில் புதிதாக எழுதிவரும் செயலாக்கம், 1.0 பதிப்பு 2022-இல் வந்தது. தனி நிரலாக ஓட்டாமல் உங்கள் நிரலுக்குள்ளேயே நிரலகமாகச் சேர்க்கலாம்.

ஐ2பி கேட்பவர்களும் வருவார்கள். டோருக்கு எழுதியதை அப்படியே திருப்பிவிட முடியாது. சாம் என்ற இடைமுகம், வழக்கமாக 7656 போர்ட்டில், வழியாக உங்கள் நிரல் தனக்கென ஓர் இலக்கை உருவாக்கிக்கொண்டு பேச வேண்டும். ஐ2பி பெரும்பாலும் தன் வலையமைப்புக்குள்ளேயே பேசுவதற்கானது. வழக்கமான இணையத்துக்கு வெளியேறும் வழிகள் மிகக் குறைவு. டோர் தராத டேட்டாகிராம் வசதி இதில் உண்டு. பிட்காயின் கோர் 22.0 பதிப்பில் இதைச் சேர்த்தது. படி 3-இன் சீரமைப்பை ஒழுங்காகச் செய்திருந்தால் இங்கே வேலை பாதியாகும்.

படி 11: கசியவில்லை என்று நிரூபியுங்கள்

டோர் வழியாகப் போகிறது என்று காட்டும் சோதனையால் பயன் குறைவு. வேறு வழியில் போகவில்லை என்று காட்ட வேண்டும்.

தனிப் பயனர் கணக்கில் நிரலை ஓட்டி, அந்தப் பயனருக்கு 127.0.0.1-இன் 9050 போர்ட்டை மட்டும் ஃபயர்வாலில் அனுமதித்து, மற்ற அனைத்தையும் மறுத்து, மறுக்கப்பட்டவற்றைப் பதிவுசெய்யுங்கள். உள்ளூர் முகவரி முழுவதையும் அனுமதித்துவிடாதீர்கள். இன்றைய லினக்ஸ்களில் பலவற்றில் டிஎன்எஸ் கேள்வி 127.0.0.53-இல் இருக்கும் சிஸ்டம்டியின் சேவைக்குப் போகும். அந்தச் சேவை வேறு பயனராக ஓடுவதால், அது வெளியே அனுப்பும் கேள்வி உங்கள் விதியில் சிக்காது. சில அமைப்புகளில் இந்தக் கேள்வி வலையமைப்பைத் தொடாமல் யுனிக்ஸ் சாக்கெட் வழியாகவே போகும். நிரலைத் தனி வலையமைப்புப் பெயர்வெளியில் (கெர்னல் பிரித்துத் தரும் தனி வலையமைப்புச் சூழல்) அடைத்தாலும் அது தப்பிவிடும். ஆகவே உலகில் எங்கும் இல்லாத ஒரு பெயரைப் புனைந்து, நிரலை அதனோடு இணையச் சொல்லி, எல்லா இடைமுகங்களிலும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்து அந்தப் பெயர் தென்படுகிறதா என்று பாருங்கள். டிஎன்எஸ் குறியாக்கம் இயக்கத்தில் இருந்தால் சோதனைக்காக அதை அணைத்து வையுங்கள்.

நிரலின் இணைப்புகளை டோருக்குத் திருப்ப முயலும் டோர்சாக்ஸ் கருவியால் சுற்றி ஓட்டி "வேலை செய்கிறது" என்று முடிவுகட்டாதீர்கள். அது சி நிரலகத்தின் அழைப்புகளை இடைமறிப்பது. கோ மொழி நிரல்கள் அந்த நிரலகத்தைத் தொடாமலே கெர்னலை அழைக்கும். அவற்றை டோர்சாக்ஸால் பிடிக்க முடியாது. 2025-இல் இதே வேலைக்காக டோர் திட்டம் வெளியிட்ட ஆனியக்ஸ், லினக்ஸ் பெயர்வெளிகளைப் பயன்படுத்துவதால் இந்த ஓட்டை அதில் இல்லை.

தானியங்கிச் சோதனையில் உண்மையான டோர் வலையமைப்பை நம்பாதீர்கள். மெதுவாக இருக்கும், எப்போதாவது காரணமின்றித் தோற்கும், பிறகு எல்லோரும் அந்தத் தோல்வியைப் பொருட்படுத்தாமல் விடுவார்கள். பெரும்பாலான சோதனைகளுக்கு, வரும் கோரிக்கையைப் பதிவுசெய்யும் போலி சாக்ஸ் சர்வர் போதும். வந்தது பெயரா ஐபி முகவரியா, பயனர் பெயர் மாறுகிறதா, சர்வரை நிறுத்தினால் நிரல் நின்றுவிடுகிறதா என்ற மூன்றையும் சோதியுங்கள். முழு வலையமைப்பு தேவைப்படும் இடத்தில் சட்னி என்ற கருவி இருக்கிறது. டோர் திட்டமே பயன்படுத்துவது, ஒரே கணினியில் ஒரு குட்டி டோர் வலையமைப்பை எழுப்பித் தரும்.

படி 12: ஏற்கவைப்பதும் காப்பாற்றுவதும்

பராமரிப்பாளரின் தயக்கத்தைக் கொள்கை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "நீங்கள் போன பிறகு இதை யார் பார்ப்பது" என்பதே பெரும்பாலும் அவருடைய கவலை. சீரமைப்பு, சாக்ஸ் இணைப்பு, நேரடி இணைப்பைத் தடுக்கும் பூட்டு, ஓடைப் பிரிப்பு என்று சிறு பேட்சுகளாக, ஒவ்வொன்றும் சோதனையோடு போகட்டும். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளராக உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். யாரும் பொறுப்பேற்காவிட்டால் வசதியைச் "சோதனை நிலை" என்றே வைத்திருப்பது நல்லது. புதிதாக வலையமைப்பைத் தொடும் எந்த மாற்றத்துக்கும், "டோர் நிலையில் இது எங்கே போகிறது" என்ற கேள்வியை மதிப்பாய்வுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பிரேவில் நடந்தது போன்ற பிழையை அங்கேதான் பிடிக்க முடியும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் கசிவு வெளிவரலாம். அதற்கான நடைமுறையை முதல் வெளியீட்டுக்கு முன்பே எழுதி வையுங்கள்: தனிப்பட்ட முறையில் தெரிவிக்கும் முகவரி, திருத்தத்தை வெளியிடும் வழி, அறிவிப்பின் மாதிரி. அறிவிப்பில் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை, எந்த அமைப்பு இயக்கத்தில் இருந்தவர்களுக்கு, கசிந்தது பெயரா ஐபி முகவரியா, அது யார் கண்ணில் பட்டிருக்கும் என்ற நான்கும் இருக்க வேண்டும். "சில தனியுரிமைச் சிக்கல்கள் சரிசெய்யப்பட்டன" என்ற ஒற்றை வரியைப் படித்து, பழைய கணக்கைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா வேண்டாமா என்று பயனரால் முடிவுசெய்ய முடியாது.